ஜெனரேட்டர் ஓடியும் பேட்டரி நிறையாதது ஏன்?



சேலம், நாமக்கல் சமவெளியில் மின்கம்பி எட்டாத வீடுகள் இன்றும் உண்டு. ஊரைவிட்டு விலகிக் காட்டின் நடுவே குடியிருந்து வெள்ளாமையைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்கள், கோழிப்பண்ணையின் கடைக்கோடியில் காவலுக்குத் தங்கியிருப்போர், மலையடிவாரத்தில் ஆட்டுப்பட்டியை அடுத்து வாழ்வோர் எனப் பலரை நாம் அறிவோம். இத்தகைய வீடுகளின் கூரைமீது இரண்டு மூன்று சோலார் பலகைகள் இருக்கும். உள்ளே சுவரோரம் ஓர் இன்வர்ட்டரும் இரண்டு பேட்டரிகளும் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மூடலுக்கு உதவட்டும் என்று தாழ்வாரத்தில் ஒரு சிறு ஜெனரேட்டரும் சாக்குப் போர்த்தி வைக்கப்பட்டிருக்கும்.

இவ்வீடுகளிலிருந்து நம்மிடம் வரும் முறையீடு பெரும்பாலும் ஒன்றே. "சாமி, ஜெனரேட்டர் மூணு மணி நேரம் ஓடுச்சு, பெட்ரோல்தான் தீர்ந்துச்சு, ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் லைட்டு போயிருச்சு" என்பர். கேட்டவுடன் ஒருவர் ஜெனரேட்டரை மாற்றச் சொல்வார். மற்றொருவர் பேட்டரி செத்துவிட்டது என்று தீர்ப்பு வழங்குவார். மூன்றாமவர் இன்வர்ட்டரைப் பழிப்பார். 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி ஒன்றின் விலை இன்று 15,000 ரூபாயை ஒட்டியிருக்கிறது. இரண்டை மாற்ற வேண்டுமெனில் ஒரு கூலிக் குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு அதில் கரைந்துபோகும். காரணம் அறியாமல் மாற்றினாலோ, புதிய பேட்டரிக்கும் பழையதன் கதியே நேரும். ஆகவே, கடைக்குப் புறப்படுமுன் வீட்டிலேயே வரிசையாக ஆராய வேண்டியவற்றை இம்மாதம் எடுத்துரைக்க விழைகிறோம்.

பேட்டரி நம் சமவெளிக்குப் புதிய பொருளன்று. லாரித் தொழிலுக்கும் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கும் பெயர்பெற்ற நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோட்டுப் பகுதிகளில் பேட்டரியைத் தூக்கி இறக்காத பட்டறை ஏது? ஆயினும் அது வீட்டுக்குள் குடிபுகுந்தது மின்வெட்டுக் காலத்திலேயாம். 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையும், 1987-இல் முதல் அலகு இயங்கத் தொடங்கிய மேட்டூர் அனல் மின்நிலையமும் நம் பக்கத்திலேயே இருந்தும், 2008 முதல் மின்வெட்டு நம்மை வாட்டிற்று. 2012-இல் சென்னை நீங்கலான மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்சாரம் இல்லாதிருந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அந்நாளில் இன்வர்ட்டர் வாங்காத கடையும் இல்லை, வீடும் அரிது. அவ்வாண்டிலேயே தமிழக அரசு தன் சூரிய மின்சக்திக் கொள்கையை வெளியிட்டது. அதற்கு முந்திய 2011-இல், ஏழைகளுக்கு 300 சதுர அடியில் சூரிய விளக்குகளுடன் பசுமை வீடு கட்டித்தரும் திட்டமும் தொடங்கப்பெற்றது. இவ்வாறு சோலார் பலகையும் பேட்டரியும் எளிய இல்லங்களையும் எட்டின. பொருள் வந்து சேர்ந்த வேகத்தில் அதனைப் பேணும் அறிவு வந்து சேரவில்லை என்பதே நம் குறை.

முதற்கண் பேட்டரியின் இயல்பை அறிந்துகொள்வோம். ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் நிறுத்தி மின்சாரத்தைச் சேமிக்கும் முறையை 1859-இல் பிரெஞ்சு நாட்டவரான காஸ்டன் பிளாண்டே கண்டார். நம் வீட்டுப் பேட்டரி இன்றும் அதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. மின்சாரம் செலவாகும்போது தகடுகளின்மீது ஈய சல்பேட்டு படிகிறது. அமிலம் நீர்த்துப் போகிறது. மின்சாரம் ஏற்றும்போது அப்படிவு கரைந்து அமிலம் மீண்டும் வலுப்பெறுகிறது.

இந்த ஏற்றத்தில் ஓர் ஒழுங்கு உண்டு. வறண்ட வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறோம். தொடக்கத்தில் நிலம் மடமடவென்று குடிக்கும். நன்கு நனைந்தபின் மெல்ல மெல்லவே இழுக்கும். மடையை அகலத் திறந்தால் நீர் வரப்பு தாண்டி ஓடுமேயன்றி, நிலம் விரைந்து குடிக்காது. பேட்டரியும் அவ்வாறே. ஏறத்தாழ எண்பது விழுக்காடு வரையில் கொடுக்கும் மின்னோட்டத்தையெல்லாம் ஏற்றுக்கொள்ளும். அதன்பின் எஞ்சிய இருபது விழுக்காட்டை நிரப்ப நான்கு மணி நேரமும் அதற்கு மேலும் ஆகும். அந்நேரத்தில் எத்துணைப் பெரிய ஜெனரேட்டரை வைத்தாலும் அதனை அவசரப்படுத்த இயலாது. பேட்டரி நிறையவில்லை என்று மனம் சலிப்போர் இந்த உண்மையை முதலில் நினைவில் இருத்த வேண்டும்.

இனி, குறையைத் தேடுவோம். இதற்கு வேண்டிய கருவிகள் மூன்று: ஒரு மல்டிமீட்டர், கம்பியை வெட்டாமல் மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர், அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர். கிளாம்ப் மீட்டர் நேர்மின்னோட்டத்தையும் அளக்கவல்லதாக இருத்தல் வேண்டும். சொந்தமாக இல்லாதோர் எலக்ட்ரீசியனிடமோ பேட்டரிக் கடையிலோ ஒரு பொழுதுக்குக் கேட்டுப் பெறலாம்.

முதலாவதாகக் காண வேண்டியது, ஜெனரேட்டரின் மின்சாரத்தை இன்வர்ட்டர் ஏற்றுக்கொள்கிறதா என்பது. ஜெனரேட்டர் இரைகிறது, விளக்கும் எரிகிறது. ஆனால் இன்வர்ட்டரோ அந்த மின்சாரத்தைத் தள்ளிவிட்டுப் பேட்டரியிலிருந்தே விளக்கை எரித்துக்கொண்டிருக்கும். இது நாம் நினைப்பதைவிட மிகுதியாக நிகழ்வதாகும். பல இன்வர்ட்டர்களின் பின்புறம் ஒரு சிறு ஸ்விட்ச் உண்டு. அதனை 'யு.பி.எஸ்.' நிலையில் வைத்தால், ஏறத்தாழ 180 வோல்ட் முதல் 260 வோல்ட் வரையிலான சீரான மின்சாரத்தை மட்டுமே இன்வர்ட்டர் ஏற்கும். கணிப்பொறி வைத்திருப்போருக்கு அது பொருந்தும். சாதாரண நிலைக்கு மாற்றினால் அதனினும் ஏற்ற இறக்கமுள்ள மின்சாரத்தையும் ஏற்றுக்கொள்ளும். ஒரு ஸ்விட்சைத் தள்ளுவதோடு முறையீடு தீர்ந்த வீடுகள் பல.

அவ்வாறு மாற்றியும் ஏற்கவில்லையெனில் ஜெனரேட்டரின் வேகத்தைப் பார்க்க வேண்டும். சிறு பெட்ரோல் ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால்தான் நமக்கு வேண்டிய 50 ஹெர்ட்ஸ் அலைவெண் கிட்டும். நாள்பட்ட இயந்திரத்தில் வேகக் கட்டுப்பாடு தளர்ந்துபோனால் அலைவெண் கூடும் அல்லது குறையும். வோல்ட்டும் அதனோடு ஆடும். அலைவெண்ணைக் காட்டும் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு மெக்கானிக் ஒருவர் சில நிமிடங்களில் இதனைச் சீர்செய்துவிடுவார். அளவு பாராமல் காதால் கேட்டு ஆக்ஸிலேட்டரைத் திருகுவது வீட்டிலுள்ள மற்றச் சாதனங்களுக்கும் கேடாய் முடியும்.

இரண்டாவது, ஜெனரேட்டரின் வலிமைக்கும் நாம் சுமத்தும் பாரத்துக்கும் உள்ள பொருத்தம். 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்த 24 வோல்ட் அமைப்பை எடுத்துக்கொள்வோம். இன்வர்ட்டர் 30 ஆம்பியர் ஏற்றுவதாக இருந்தால், ஏறும்போதுள்ள 28 வோல்ட்டால் பெருக்க 840 வாட் ஆகிறது. ஏற்றும் கருவியிலேயே வெப்பமாகக் கழியும் பங்கைக் கூட்டினால் 1,000 வாட்டை நெருங்கும். இக்கருவிகள் மின்சாரத்தைச் சீராக உறிஞ்சாமல் அலையின் உச்சியில் மட்டும் கடித்து இழுப்பதால், ஜெனரேட்டருக்கு அது 1,400 வோல்ட்-ஆம்பியர் பாரமாகத் தெரியும். 1 கே.வி.ஏ. ஜெனரேட்டரால் இதனைத் தாங்க முடியாது. வோல்ட் சரியும், இன்வர்ட்டர் விலகிக்கொள்ளும், பாரம் நீங்கியதும் வோல்ட் ஏறும், இன்வர்ட்டர் மீண்டும் சேரும். 'டக், டக்' என்று ஓயாமல் கேட்கும் ஒலி இந்தப் போராட்டத்தின் அடையாளமாகும். இதற்கு மருந்து பெரிய ஜெனரேட்டர் வாங்குவதன்று. ஏற்றும் மின்னோட்டத்தை 15 ஆம்பியராகக் குறைத்து வைத்தால், பாரம் 700 வோல்ட்-ஆம்பியர் அளவுக்கு இறங்கிவிடும். பேட்டரியின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் என்பது அதற்கும் இதமான அளவேயாகும். அந்நேரத்தில் மிக்ஸியும் மோட்டாரும் ஓடாதிருப்பது நலம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சிறு ஜெனரேட்டர் சிலவற்றில் '12 வோல்ட்' என்று எழுதிய தனித் துளை ஒன்று இருக்கும். பேட்டரிக்கென்றே அமைந்தது என்றெண்ணி நேராக அதில் கம்பியைச் செருகுவோர் உளர். அதில் வருவது சுமார் 8 ஆம்பியர் மட்டுமே. சரியான அளவில் அது தானாக நிற்பதும் இல்லை. கார் பேட்டரிக்குச் சிறிது உயிரூட்ட அது போதும். 150 ஆம்பியர்-மணி பேட்டரியை நிரப்ப ஒரு பகல் முழுவதும் ஓட்டினாலும் போதாது.

மூன்றாவது, கதிரவனும் ஜெனரேட்டரும் ஒன்றுக்கொன்று இடையூறாகும் நிலை. நண்பகலில் இரண்டும் சேர்ந்து ஏற்றும்போது பேட்டரி முனையில் வோல்ட் உயரும். அதைக் கண்ட ஏற்றும் கருவி பேட்டரி நிறைந்துவிட்டதாகக் கருதி ஒதுங்கிக்கொள்ளும். ஜெனரேட்டர் ஓடுவதால் சோலார் கருவி நின்றுவிட்டால், பெட்ரோலை எரித்து வெயிலைத் தடுத்தவர்களாகிறோம். சோலார் பலகையின் இணைப்பைக் கால் மணி நேரம் நிறுத்திவிட்டு ஜெனரேட்டரின் மின்னோட்டத்தைக் கிளாம்ப் மீட்டரால் அளந்து பார்த்தால் உண்மை விளங்கும். அது சட்டென்று கூடினால் குறை எந்தக் கருவியிலும் இல்லை. ஓட்டும் நேரத்திலேதான் இருக்கிறது.

நான்காவது, கம்பியும் முனையும். இன்வர்ட்டரின் முனையில் ஒருமுறையும், பேட்டரியின் ஈயக் கம்பத்திலேயே ஒருமுறையும் வோல்ட்டை அளக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று வேறுபாடு இருந்தால், கருவி தருவதை வழியிலேயே கம்பி தின்றுவிடுகிறது என்பது பொருள். மெல்லிய கம்பி, தளர்ந்த திருகாணி, பச்சையாகப் பூத்த முனை ஆகியவை இதற்குக் காரணம். எல்லா இணைப்புகளையும் நிறுத்தியபின், எதிர்முனையை முதலில் கழற்றி, ஆப்பச் சோடா கரைத்த நீரால் பூஞ்சையைத் துடைத்து, உலரவிட்டு, இறுக்கி, மேலே வாசலின் தடவ வேண்டும். அந்நீர் பேட்டரியின் உள்ளே ஒரு துளியும் விழலாகாது.

ஐந்தாவதே மிக முக்கியமானது. பலரும் ஏமாறுவதும் இதிலேதான். ஜெனரேட்டரை ஓட்டியவுடனே 12 வோல்ட் பேட்டரி ஒன்றில் மீட்டர் 14.4 வோல்ட்டை எட்டுகிறது. மின்னோட்டம் விரைந்து குறைகிறது. அரை மணியில் 'நிறைந்தது' என்று விளக்கு எரிகிறது. வீட்டார் மகிழ்ச்சியுடன் ஜெனரேட்டரை நிறுத்துகின்றனர். இரவு எட்டு மணிக்கு இருள். இது நிறைவன்று, நிறைவு போன்ற தோற்றமே. வாரக்கணக்கில் முக்கால் வயிறும் அரை வயிறுமாகவே கிடந்த பேட்டரியில், தகடுகளின்மீது படிந்த ஈய சல்பேட்டு கரையாமல் கெட்டிப்பட்டுவிடுகிறது. மின்னோட்டம் உட்புக இடமின்றி வோல்ட் மட்டும் ஏறி நிற்கிறது. ஆகவே, ஏறிக்கொண்டிருக்கும்போது காட்டும் வோல்ட்டை நம்பி முடிவு செய்யலாகாது. ஏற்றுவதையும் செலவையும் நிறுத்திச் சில மணி நேரம் ஓய்வளித்தபின் அளக்க வேண்டும். நிறைந்த பேட்டரி ஏறத்தாழ 12.7 வோல்ட்டும், பாதி குறைந்தது 12.2 வோல்ட்டை ஒட்டியும் காட்டும்.

அதனினும் நம்பத்தக்க சாட்சி ஹைட்ரோமீட்டர். டியூபுலர் பேட்டரியில் நிறைந்த அமிலத்தின் அடர்த்தி பொதுவாக 1.240-ஐ ஒட்டியிருக்கும், சரியான அளவு பேட்டரியின்மீதே அச்சிடப்பட்டிருக்கும். ஒவ்வொரு பேட்டரியிலும் ஆறு அறைகள் உண்டு. ஆறையும் அளக்க வேண்டும். எல்லாம் ஒருசேரக் குறைந்திருந்தால் பேட்டரி பசித்திருக்கிறது. நீண்ட நேரம் குறைந்த மின்னோட்டத்தில் ஏற்றினால் தேறும் வாய்ப்புண்டு. ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிட வெகுவாகத் தாழ்ந்து, ஏற்றியும் உயராதிருந்தால், அந்த அறை பழுதுற்றது. அப்போதுதான் மாற்றுவதைப் பற்றிப் பேச வேண்டும். மாற்றும்போதும் புதியது ஒன்றும் பழையது ஒன்றுமாக இணைத்தால், நலிந்தது வலியதையும் நலிவிக்கும்.

லாரியிலிருந்து கழற்றிய பேட்டரி மலிவாய்க் கிடைக்கிறதே என்று வாங்கி வைப்போரும் நம் பகுதியில் உண்டு. அது இயந்திரத்தைக் கிளப்ப ஒரு நொடியில் பெருமின்னோட்டம் தரும்படி மெல்லிய தகடுகளால் ஆனது. இரவெல்லாம் சிறுகச் சிறுகச் செலவழிக்கும் வேலையைச் சுமத்தினால் சில மாதங்களில் உட்கார்ந்துவிடும். குற்றம் பேட்டரியுடையதன்று, இடம் மாறி வந்ததே காரணம். லித்தியம் பேட்டரி வைத்திருப்போருக்கு மேற்கண்ட அடர்த்திக் கணக்கு பொருந்தாது. அதற்கென்று அமைந்த ஏற்றும் கருவியும் அளவுகளும் தனி.

இத்துணையும் சரியாக இருந்தால், எஞ்சி நிற்பது நேரம் ஒன்றே. பலர் ஜெனரேட்டரை மாலையில் ஓட்டுகின்றனர். அதன்பின் இரவு வருகிறது, ஏறியதெல்லாம் செலவாகிறது, பேட்டரி ஒருநாளும் முழுமையாக நிறைவதில்லை. மாறாக விடியற்காலையில் ஓட்டிப் பாருங்கள். மூன்று நாள் மூடலுக்குப்பின் 150 ஆம்பியர்-மணி பேட்டரிகள் பாதியாய்க் குறைந்துள்ளன என்று கொள்வோம். காலை 5 மணி முதல் 8 மணி வரை 15 ஆம்பியர் ஏற்றினால் 45 ஆம்பியர்-மணி ஆகிறது. இழப்புப் போகப் பேட்டரி ஏறத்தாழ முக்கால் பங்கை எட்டிவிடும். பசி மிகுந்த வேளையாதலால் பெட்ரோலின் ஒவ்வொரு துளியும் உள்ளே சேரும். எஞ்சிய கால் பங்கு, மெதுவாய்ச் செல்லும் பங்கு. மேகத்தினூடே வரும் சிறு வெயிலும் அதற்கு உதவும். அதைப் பகல் முழுவதும் பொறுமையாய்ச் செய்ய ஆதவன் இருக்கிறான், அவனுக்குக் கூலியும் இல்லை. இவ்வாறு ஓட்டி, பதினைந்து நாளுக்கு ஒருமுறையேனும் பேட்டரி முற்றிலும் நிறையும்படி பார்த்துக்கொண்டால், தகடுகளில் படிவு கெட்டிப்படாது. இரவுச் செலவைச் சிறிது குறைப்பதும் ஏற்றுவதற்கு ஒப்பானதே என்பதை இல்லத்தரசியர் நன்கறிவர்.

சித்திரை, வைகாசியில் நம் சமவெளியில் வெயில் 40 பாகை செல்சியஸைத் தொடும் நாள்கள் பல. அவ்வெப்பத்தில் பேட்டரி நீர் விரைவில் வற்றும். தகடு வெளித்தெரியுமுன் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்ற வேண்டும். கிணற்று நீரோ குழாய் நீரோ ஆகாது. அமிலமும் சேர்க்கலாகாது. தகரக் கூரைக்கு நேர்கீழே பேட்டரியை வைப்பது அதன் ஆயுளைப் பாதியாக்குவதற்குச் சமமாகும்.

முடிவாக, உயிரைப் பற்றிய மூன்று சொற்களைக் கூறாமல் விட மனம் ஒப்பவில்லை. மழை பெய்கிறது, திருடர் அஞ்சம் என்று எக்காரணத்தைக் கொண்டும் ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ மூடிய தாழ்வாரத்திலோ ஓட்டாதீர்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குகிறவர்களை உறக்கத்திலேயே கொன்றுவிடும். கதவு சன்னல்களுக்கு அப்பால், காற்று வெளியே வீசும் திசையில் தனியே ஒரு சிறு கூரை போட்டு வைப்பதே முறை. அடுத்து, ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு எழும். அதனருகே மெழுகுவர்த்தியும் பீடியும் கூடா; அறையில் காற்றோட்டம் வேண்டும். மூன்றாவது, மின்வாரிய இணைப்பும் உள்ள வீடுகள் ஜெனரேட்டரைப் பிளக் துளை வழியே வீட்டுக் கம்பியில் செலுத்தக் கூடாது. மாற்று ஸ்விட்ச் வழியாகவே இணைக்க வேண்டும். தவறினால் அம்மின்சாரம் வெளிக்கம்பிக்குத் திரும்பி, கம்பத்தின்மீது வேலை செய்யும் ஏழைப் பணியாளரின் உயிரைக் குடிக்கும். அவருக்கும் வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகள் உண்டு.

பேட்டரியின் அருகே ஒரு பள்ளிக்கூட நோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். மாதம் ஒருமுறை பன்னிரண்டு அறைகளின் அடர்த்தியையும், ஜெனரேட்டர் ஓடிய மணிக்கணக்கையும், ஊற்றிய நீரின் அளவையும் தேதியிட்டு எழுதட்டும். வீட்டில் ஒன்பதாம் வகுப்போ பத்தாம் வகுப்போ படிக்கும் மகனோ மகளோ இருந்தால், அப்பொறுப்பை அவர்களிடம் ஒப்படைக்கலாம். ஓராண்டு எழுதிய நோட்டைக் கையில் கொண்டு கடைக்குச் செல்லும் தகப்பனாரிடம், வேண்டாத பேட்டரியை எவராலும் எளிதில் விற்றுவிட முடியாது.